சந்தோஷச் சதை

பெய்ஷானைப் பற்றிச் சொல்வதென்றால் அந்தப் பொத்தானிலிருந்துதான் ஆரம்பிக்க வேண்டும். எங்கள் பல் கிளினிக்கில் வரவேற்பு மேசையில் உட்கார்ந்திருப்பவள் அவள். உள்ளே டாக்டர் பக்கத்தில் நின்று கருவிகளை எடுத்துக் கொடுப்பவள் நான். ஃபெங்யுவான் ஊரில் பாதிப் பேருடைய கடைவாய்ப் பல் எனக்குத் தெரியும். மீதிப் பேருடைய சங்கதி பெய்ஷானுக்குத் தெரியும். அன்றைக்குக் காலையில் மேல்தட்டிலிருந்து ஏதோ எடுக்கக் கையைத் தூக்கினாள். சட்டைப் பொத்தான் தெறித்துப் போய், பெயர் பதிய வந்து நின்ற ஒரு பெரியவரின் காப்பீட்டு அட்டைமேல் விழுந்தது. அவர் அதை எடுத்து மேசைமேல் வைத்துவிட்டு, "என்னம்மா, ஆள் கிடைச்சாச்சா?" என்று கேட்டார்.

காத்திருந்த கூட்டம் முழுக்கச் சிரித்தது. காதலிக்க ஆரம்பித்த பிறகு உடம்பில் ஏறுகிற சதைக்கு எங்கள் பக்கத்தில் பெயரே உண்டு. சந்தோஷச் சதை என்போம். யார் கொஞ்சம் பூசினாற்போல் தெரிந்தாலும் உடனே ஆள் யாரென்று விசாரணை ஆரம்பித்துவிடும். பெய்ஷானும் கூடச் சேர்ந்து சிரித்தாள். ஆனால் கொஞ்ச நேரத்தில் கருவிகளைக் கழுவும் அறைக்குள் வந்து கதவைச் சாத்திக்கொண்டாள்.

"ஷியா அக்கா, அவர் நல்ல விதமாத்தானே கேட்டார்? இல்ல குத்திக் காட்டினாரா?"

இரண்டுமில்லை, அவருக்குப் பொழுது போகவில்லை என்றேன். அவளுக்கு அது பதிலாகப் படவில்லை. நான் ஊசி நூல் எடுத்துப் பொத்தானைத் தைத்துக் கொடுத்தேன். தைக்கும்போது மூச்சைப் பிடித்து வயிற்றை உள்ளே இழுத்துக்கொண்டு நின்றாள். மூச்சை விடுடி, ஊசி குத்திவிடும் என்று திட்டினேன்.

பெய்ஷானுக்கு அப்போது வயது முப்பத்து மூன்று. கிழக்குக் கடற்கரைப் பக்கம் தைதுங்கில் பிறந்து, வேலைக்காக எங்கள் ஊருக்கு வந்தவள். இதற்கு முன்னால் ஒருவன் இருந்தான். நாலு வருடம் கூடவே சுற்றிவிட்டு, ஒரு நாள் "நீ முன்ன மாதிரி இல்ல, உருண்டையாயிட்டே" என்று சொல்லிவிட்டுப் போனவன். அந்தப் புண்ணியவான் சொன்ன ஒரு வார்த்தையை இவள் கண்ணாடி பார்க்கும்போதெல்லாம் எடுத்து வைத்துப் பார்ப்பாள். அதற்கப்புறம் பட்டினி கிடந்து கிடந்து உடம்பை ஈர்க்குச்சியாக்கி வைத்திருந்தாள். அப்படி இருந்த காலத்தில்தான் துங் மிங்யுவான் பல் பிடுங்க வந்தான்.

மிங்யுவான் ஏசி மாட்டுகிறவன். ரயில் நிலையத்துக்குப் பின்னால் சின்னதாகச் சொந்தக் கடை. ஆள் நல்ல உயரம், வாயைத் திறந்தால் காசு கொட்டிவிடும் என்று பயப்படுகிற ஜாதி. டாக்டர் வாயைத் திறக்கச் சொன்னபோதுகூட யோசித்துத்தான் திறந்தான். பல் பிடுங்கிய மறுநாள் எல்லா நோயாளிக்கும் போன் செய்து, வீக்கம் இருக்கிறதா, சாப்பிட முடிகிறதா என்று விசாரிப்பது பெய்ஷானுடைய வேலை. அவனுக்கும் செய்தாள். எல்லோரும் பரவாயில்லை என்று சொல்லி வைத்துவிடுவார்கள். இவன் தான் குடித்த கஞ்சி, அதில் போட்ட மீன், கஞ்சி அலுத்துப் போய் ஆசைப்பட்ட பொரித்த கோழி எல்லாவற்றையும் ஒன்று விடாமல் சொல்லியிருக்கிறான். எனக்குத் தெரிந்து அவன் வாழ்நாளில் அதிகம் பேசியது அன்றைக்குத்தான். புண் ஆறியதும் ஒரு பொட்டலம் பொரித்த கோழியைக் கொண்டுவந்து மேசைமேல் வைத்து, "இப்ப கடிக்க முடியுது" என்று சொல்லிவிட்டுப் போனான்.

அப்படித்தான் ஆரம்பித்தது, அப்படியேதான் போயிற்று. வேறு ஆண்பிள்ளைகள் பூ கொடுப்பார்கள், நாலு இனிப்பான வார்த்தை சொல்வார்கள். இவன் கொண்டுவந்ததெல்லாம் சாப்பாடு. காலையில் வேலைக்குப் போகிற வழியில் ஸ்கூட்டரை நிறுத்தி, முட்டைச் சுருளும் சூடான சோயாப் பாலும் வைத்துவிட்டுப் போவான். சாயங்காலம் கோவில் சந்துக்குக் கூட்டிப் போவான். சிப்பி போட்ட முட்டை அடை, பன்றிக்கறிக் குழம்பு ஊற்றிய சோறு, அதற்குமேல் ஐஸ். ஞாயிற்றுக்கிழமை என்றால் பக்கத்து ஊர் வரைக்கும் போய் அங்கே எது பேர்போனதோ அதைச் சாப்பிட்டு வருவார்கள். பெய்ஷான் முதல் முறையாகப் பசிக்குச் சாப்பிட்டாள். முகம் தெளிந்தது, சிரிப்பு வந்தது. பொத்தானும் தெறித்தது.

அதற்கடுத்த வாரம் அவன் அம்மா ஊரிலிருந்து வந்திருந்தார். இவளைப் பார்த்த உடனே கையைப் பிடித்துத் தடவி, நல்லாப் பூசினாப்புல ஆயிட்டே, இப்பத்தான் பாக்க லட்சணமா இருக்கே என்று சொல்லியிருக்கிறார். சொல்லிவிட்டுச் சோற்றுக் கிண்ணத்தை நிரப்பியிருக்கிறார். மறுநாள் மதியச் சாப்பாட்டு வேளை முழுக்க இதே பேச்சு. லட்சணம் என்று சொன்னது உண்மையா, பூசினாற்போல் என்று சொன்னது உண்மையா? முதலில் எதைச் சொன்னார் என்பது முக்கியமா? மாமியாராகப் போகிறவர் கிண்ணத்தை நிரப்புவது அன்பா, இல்லை இவள் எவ்வளவு தின்பாள் பார்க்கலாம் என்ற சோதனையா? எனக்கு மண்டை காய்ந்துவிட்டது.

"அவன்கிட்டயே கேளேன்டி," என்றேன். "நான் குண்டாயிட்டேனான்னு கேளு. ஒரே கேள்வி."

பெய்ஷான் என்னைப் பைத்தியக்காரியைப் பார்ப்பதுபோல் பார்த்தாள். "அவன் இன்னும் கவனிக்கல அக்கா. நான் கேட்டா கவனிச்சிடுவான்."

அவளுடைய கணக்கு அதுதான். அவன் பார்ப்பதற்குள் ரகசியமாக இளைத்துவிட வேண்டும். இளைக்கிறாள் என்பதும் அவனுக்குத் தெரியக்கூடாது. தெரிந்தால் ஏன் இளைக்கிறாள் என்று யோசிப்பான், யோசித்தால் உடம்பைப் பார்ப்பான், பார்த்தால் முன்னவனைப் போலப் போய்விடுவான். அவனை இழக்கக் கூடாது என்பது ஒன்றுதான் அவளுக்கு. அதற்காக அவன் கொடுப்பதை எல்லாம் தின்னாமல் தின்றது போல் காட்ட வேண்டும்.

அதிலிருந்து காலை முட்டைச் சுருள் எனக்கு வந்தது. வேண்டாம் என்று சொல்லுகிற வழக்கம் எனக்குக் கிடையாது. அவன் ஸ்கூட்டர் தெருமுனை திரும்பியதும் பொட்டலம் உள்ளே வந்துவிடும். பெய்ஷான் அவித்த சர்க்கரைவள்ளிக் கிழங்கில் பாதியை மென்றுகொண்டு, நான் தின்பதையே பார்த்துக்கொண்டிருப்பாள். மதியம் உப்பில்லாத கோழி நெஞ்சுக்கறி, அதுவும் தண்ணீரில் அவித்தது. சாயங்காலம் அவனோடு போனால் தன் தட்டிலிருப்பதில் முக்கால்வாசியை அவன் தட்டுக்குத் தள்ளிவிடுவாள். உனக்குப் பிடிக்குமே, நீ சாப்பிடு என்பாள். அவன் பாவம், தன்மேல் இவ்வளவு பிரியமா என்று நினைத்து எல்லாவற்றையும் தின்று தீர்ப்பான். இவள் இளைத்தாளோ இல்லையோ, நானும் அவனும் நன்றாகத் தேறினோம்.

தேநீர் விஷயத்தில் நடந்ததையும் சொல்ல வேண்டும். சவ்வரிசி உருண்டை போட்ட பால் தேநீர் வாங்கும்போது சர்க்கரை முழுசா, பாதியா, கொஞ்சமா, வேண்டவே வேண்டாமா என்று கடையில் கேட்பார்களே, இவள் ஒரு நாள் சர்க்கரை வேண்டாம் என்று சொல்லிவிட்டாள். அவன் அதை மனதில் வைத்துக்கொண்டு மறுநாள் தானாகவே சர்க்கரை இல்லாமல் வாங்கிவந்து கொடுத்தான். அவ்வளவுதான், பார்த்துவிட்டான், நான் குண்டு என்று அவனுக்குத் தெரிந்துவிட்டது என்று கழுவும் அறையில் அழுகை. அவன் அவள் முகம் வாடியதைப் பார்த்துவிட்டு அடுத்த தடவை முழுச் சர்க்கரை போட்டு வாங்கிவந்தான். அதற்கும் அழுதாள். அவள் உடம்பைப் பற்றி அவனுக்கு அக்கறையே இல்லையாம். நடுவில் அகப்பட்ட மனிதன் கடைசியில் வெறும் தண்ணீர் பாட்டிலைக் கொண்டுவந்து கொடுத்துவிட்டு, அது சரியா தப்பா என்று தெரியாமல் அவள் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றான். நான் ஜன்னல் வழியாகப் பார்த்தேன். சிரிப்பதா, வெளியே போய் இரண்டு பேருக்கும் ஆளுக்கு ஒன்று வைப்பதா என்று புரியவில்லை.

நிலாத் திருநாளுக்கு மூன்று வாரம் இருக்கும்போது ஒரு ஞாயிற்றுக்கிழமை அது நடந்தது. திங்கட்கிழமை காலையில் பெய்ஷான் சொல்லித்தான் எனக்குத் தெரியும். கோவிலுக்கு எதிர்த்தாற்போல் இருக்கும் பழைய கேக் கடைக்கு மிங்யுவான் அவளைக் கூட்டிப் போயிருக்கிறான். அந்த நாட்களில் எங்கள் ஊர்க் கேக் கடைகளில் நிலா கேக் ருசி பார்க்கக் கூட்டம் நெரியும். இதுவும் அதுதான் என்று அவள் நினைத்துக்கொண்டாள். முந்தின நாள் மதியத்திலிருந்து அவள் வயிற்றில் ஒன்றும் இல்லை. கண் இருட்டிக்கொண்டு வருகிறது. கடைக்காரம்மா இரண்டு பேரையும் உள்பக்க மேசையில் உட்கார வைத்து, தேநீர் ஊற்றி, தட்டளவு கேக்குகளை ஒவ்வொன்றாக நறுக்கி முன்னால் வைத்துக்கொண்டே போகிறார். பாசிப்பருப்பு வைத்தது, அன்னாசி வைத்தது, எள்ளு வைத்தது, பருப்போடு கறி வைத்தது. பன்றிக் கொழுப்பில் சுட்டது, வாசனை மூக்கைத் துளைக்கிறது. மிங்யுவான் ஒரு துண்டை எடுத்து அவள் பக்கம் நீட்டி, இதில் உனக்கு எது பிடிச்சிருக்கு சொல் என்கிறான். சும்மா இல்லை, எழுந்து நின்று இரண்டு கையாலும் நீட்டியிருக்கிறான். அதை அவளே சொன்னாள். அப்போதாவது எனக்கு உறைத்திருக்க வேண்டும்.

பெய்ஷானுக்குப் பசியும் கோபமும் ஒன்றாகச் சேர்ந்து வெடித்துவிட்டது. "எனக்கு வேண்டாம். எதுவுமே வேண்டாம். நான் எப்பவாவது உன்கிட்ட கேட்டேனா? நீதான் கொண்டாந்து கொண்டாந்து திணிக்கிற. இதோட நிறுத்திடு."

அவன் கையில் இருந்த துண்டைத் தட்டில் வைத்துவிட்டு, "சரி" என்றிருக்கிறான். அவளை ஸ்கூட்டரில் ஏற்றிக் கொண்டுபோய் வீட்டு வாசலில் இறக்கிவிட்டு, தலைக்கவசத்தை வாங்கிக்கொண்டு போய்விட்டான்.

திங்கட்கிழமை போலவே செவ்வாய்க்கிழமை காலையிலும் முட்டைச் சுருள் வரவில்லை. புதன்கிழமையும் வரவில்லை. அவள் செல்போனில் ஏதாவது எழுதி அனுப்பினால் "ம்" என்று பதில் வந்தது. வெள்ளிக்கிழமை வேலை அதிகம் என்று வந்தது. அப்புறம் அதுவும் நின்றுபோயிற்று. சாப்பாட்டை நிறுத்தச் சொன்னேன், என்னையே நிறுத்திவிட்டானே என்றாள் பெய்ஷான். அவளுக்குக் காரணம் தெள்ளத் தெளிவாகத் தெரிந்துவிட்டது. உருண்டையாகிவிட்டாள், அதனால் போய்விட்டான். கேக் கடையில் வெளிச்சம் அதிகம், பக்கத்தில் உட்கார்ந்து நன்றாகப் பார்த்திருப்பான். நான் எவ்வளவோ சொன்னேன். எடுபடவில்லை.

இப்போது அவள் பட்டினி கிடக்க வேண்டிய அவசியமே இல்லாமல் போயிற்று. சோறு தானாகவே இறங்கவில்லை. பத்து நாளில் கன்னம் ஒட்டிவிட்டது, சீருடைப் பேன்ட் இடுப்பில் நிற்கவில்லை, ஊக்கு குத்திக்கொண்டு வந்தாள். இங்கேதான் எனக்கு ஊர்மேல் வந்த கோபம் கொஞ்சநஞ்சமல்ல. வருகிறவர் போகிறவர் எல்லாம் ஆகா, என்னமா இளைச்சிட்டே, எவ்வளவு அழகாயிட்டே, என்ன செஞ்சே என்று கேட்டார்கள். டாக்டருடைய மனைவி அவளைத் தனியாகக் கூப்பிட்டு, என்ன சாப்பிடுகிறாய் என்று மட்டும் சொல், நானும் அதையே சாப்பிடுகிறேன் என்று கெஞ்சினார். பெய்ஷான் எல்லோருக்கும் நன்றி சொல்லிச் சிரித்தாள். பிறகு என்னிடம் வந்தாள்.

"நான் கேட்டது கிடைச்சிடுச்சே அக்கா. இது எனக்கு எதுக்கு வேணும்னு நெனச்சேன்? மறந்து போச்சு."

நான் அவள் தோளைப் பிடித்து உட்கார வைத்தேன். வேறு என்ன செய்ய?

திருநாளுக்கு முந்தின வாரம் சனிக்கிழமை, காலை வேலை முடிந்ததும், அக்கம்பக்கத்துக்குக் கொடுக்க நிலா கேக் வாங்கலாமென்று அதே கடைக்குப் போனேன். கடைக்காரம்மாவுக்கு என்னைத் தெரியும். அவருடைய பல் செட்டுக்கு அளவெடுத்தபோது நான்தான் பக்கத்தில் நின்றேன். பெட்டியைக் கட்டிக்கொண்டே, உங்க கிளினிக்குப் பொண்ணுதானே அது, பாவம் அந்தப் பையன் என்று ஆரம்பித்தார். எந்தப் பையன், என்ன பாவம் என்றேன்.

பையன் இரண்டு நாள் முன்னதாகவே தனியாக வந்து சொல்லிவைத்துவிட்டுப் போனானாம். கல்யாண கேக் பார்க்க வருகிறோம், ஆனால் கல்யாணம் என்கிற சொல்லை மட்டும் நீங்கள் எடுக்காதீர்கள், அவளுக்கு எது பிடிக்கிறது என்று பார்த்துக்கொண்டு நானே சொல்கிறேன், எனக்குப் பேச்சு வராது, கேக்கை முன்னால் வைத்தால் எப்படியோ சொல்லிவிடுவேன் என்றானாம். நிச்சயதார்த்தம் ஆனால் பெண் வீட்டார் சொந்தபந்தத்துக்கெல்லாம் கொடுக்கிற கேக் அது. சீர் செய்கிற கேக்கை ருசி பார்க்கக் கூட்டிக்கொண்டு வருவதே எங்கள் ஊரில் பாதிக் கல்யாணம். அந்தப் பெண் வாயில்கூட வைக்காமல் எதுவும் வேண்டாம், இதோடு நிறுத்திவிடு என்று சொல்லிவிட்டதாம். பையன் போகும்போது மன்னிப்புக் கேட்டுவிட்டுப் போனானாம், நறுக்கின கேக் எல்லாம் வீணாகிவிட்டதே என்று.

எனக்கு உடம்பெல்லாம் பற்றி எரிந்தது. யார்மேல் எரிந்தது என்று கேட்டால் சொல்லத் தெரியாது. சொல்ல வேண்டியதைச் சொல்லாமல் கேக்கை நீட்டின கல்லுளிமங்கன்மேலா, கேட்க வேண்டியதைக் கேட்காமல் பட்டினி கிடந்தவள்மேலா? பெட்டியை அங்கேயே போட்டுவிட்டு அவள் வீட்டுக்குப் போய், படுத்துக் கிடந்தவளை எழுப்பி உட்கார வைத்துச் சொன்னேன்.

பெய்ஷானுக்கு முதலில் விளங்கவே இல்லை. மறுபடி சொல்லச் சொன்னாள். அப்படியானால் அவன் கேட்டது அதையா? அப்படியானால் நான் சொன்னது எதற்கு? நான் கேக்கைத்தானே வேண்டாம் என்றேன்? திணிக்கிறாய் என்று வேறு சொன்னேனே, அதை அவன் எதுவாக எடுத்துக்கொண்டான்? எழுந்தாள், உட்கார்ந்தாள். செருப்பைப் போட்டாள், கழற்றினாள். முகத்தில் சிரிப்பும் அழுகையும் மாறி மாறி வந்தன. பிறகு புதிதாக ஒரு பயம் கண்டுபிடித்தாள்.

"இப்ப நான் இளைச்சிட்டேன் அக்கா. இப்பப் போயி நின்னு அவன் சரின்னு சொன்னா, இளைச்சதாலதான் சொல்றான்னு ஆயிடாதா? அப்புறம் காலம் பூரா இப்படியே இருக்கணுமே."

"அவன் கேட்டப்ப நீ குண்டாடி, ஒல்லியா?"

அவள் யோசித்தாள். சத்தியமாகச் சொல்கிறேன், விரலை மடக்கி யோசித்தாள். "குண்டு," என்றாள்.

"அப்ப கிளம்பு."

அவனிடம் போய்ப் பேசத்தான் கிளம்பினோம். ஆனால் கோவில் பக்கம் வந்ததும் பெய்ஷான் என் தோளைத் தட்டி ஸ்கூட்டரை நிறுத்தச் சொன்னாள். கேக் கடைக்குள் நேராகப் போய், அன்றைக்கு உட்கார்ந்த அதே மேசையில் உட்கார்ந்தாள். அன்னிக்கு நறுக்கின எல்லாத்தையும் திரும்ப நறுக்குங்க என்றாள். கடைக்காரம்மா அவளையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு ஒன்றும் கேட்காமல் கத்தியை எடுத்தார்.

பெய்ஷான் சாப்பிட்டாள். அப்படி ஒருத்தி சாப்பிட்டு நான் பார்த்ததில்லை. மாதக்கணக்கான பசி அது. அன்னாசி வைத்ததைச் சாப்பிட்டாள், எள்ளு வைத்ததைச் சாப்பிட்டாள், கண்ணில் தண்ணீர் வழிய வழிய மென்றாள். கடைக்காரம்மா தேநீர் ஊற்றிக்கொண்டே இருந்தார். நல்லாச் சாப்பிடும்மா, இப்பச் சாப்பிட்டாத்தான் உண்டு, இதுதான்னு முடிவு பண்ணிட்டா அப்புறம் கல்யாணப் பொண்ணு அதுல ஒரு துண்டு தொடக்கூடாது, தன்னோட யோகத்தைத் தானே தின்ன மாதிரி ஆயிடும் என்றார். எங்கள் ஊரில் எல்லோரும் சொல்வதுதான். என் கல்யாணத்தில் நான் திருட்டுத்தனமாக இரண்டு துண்டு தின்றேன், என் கல்யாணம் விளங்கின லட்சணம் ஊருக்கே தெரியும்.

பெய்ஷான் மென்றதை விழுங்கிவிட்டுச் செல்போனை எடுத்தாள். "கேக் கடைக்கு வா," என்று மட்டும் சொல்லி வைத்துவிட்டாள்.

மிங்யுவான் வந்தபோது கையில் கருவிப் பை இருந்தது. கடையில் ஏசி கெட்டுவிட்டதோ என்று நினைத்து வந்தானா, பயத்தில் கைக்கு அகப்பட்டதைத் தூக்கிக்கொண்டு வந்தானா என்று தெரியவில்லை. அவனும் இளைத்துத்தான் போயிருந்தான். மேசையைப் பார்த்தான். எல்லாத் தட்டும் காலி. ஒரு தட்டில் மட்டும் பருப்பும் கறியும் வைத்த கேக் நறுக்கினது நறுக்கினபடி இருந்தது. கோவில் சந்தில் அவள் எப்போதும் முதலில் தேடுவது கறிதான். அவனுக்கு அது தெரியும்.

"இத ஏன் விட்டுட்டே? உனக்கு இதுதானே பிடிக்கும்?" என்றான்.

"இது எனக்கு வேண்டாம்," என்றாள் பெய்ஷான். "இத நான் சாப்பிட மாட்டேன்."

மிங்யுவானின் முகம் தொங்கிப் போயிற்று. என் பக்கம் திரும்பி, குரலைத் தாழ்த்திக் கேட்டான். "அக்கா, மறுபடியும் வேண்டாங்கறாளா? இதச் சொல்லவா வரச் சொன்னா?"

"மண்டு, அது உங்க கல்யாண கேக்குடா. பொண்ணு எப்படிச் சாப்பிடுவா?" என்றேன். அவளே சொல்லட்டும் என்று வாயை மூடிக்கொண்டிருக்கத்தான் நினைத்தேன். முடியவில்லை.

அவன் அப்படியே நின்றான். தட்டைப் பார்த்தான், அவளைப் பார்த்தான். கருவிப் பையைக் கீழே வைக்க வேண்டும் என்றுகூட அவனுக்குத் தோன்றவில்லை. கடைக்காரம்மாதான் அதை வாங்கி ஓரமாக வைத்து, நாற்காலியை இழுத்துப் போட்டார். உட்கார்ந்தான். பெய்ஷான்தான் கேட்டாள். இத்தனை மாதம் என் காதில் ஓதியதை, அவனிடம் கேட்கவே கூடாது என்று ஒளித்து வைத்ததை, உதட்டில் எள்ளு ஒட்டிக்கொண்டிருக்க, அவன் முகத்துக்கு நேராகக் கேட்டாள்.

"நான் மறுபடி குண்டாயிடுவேன். உன்கூட இருந்தா கண்டிப்பா ஆவேன். அப்ப விட்டுட்டுப் போயிடுவியா?"

மிங்யுவான் யோசித்தான். எனக்கு அவன் மண்டையில் ஒன்று வைக்கலாம் போல இருந்தது. இதற்கு யோசிப்பானா ஒருத்தன்? பெய்ஷான் மூச்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். கடைக்காரம்மா தேநீர்க் கெண்டியைச் சாய்த்தபடியே நின்றுவிட்டார். அவன் நிஜமாகவே குழம்பிப் போனவன் மாதிரி அவளைப் பார்த்துச் சொன்னான்.

"நீ சாப்பிட மாட்டேன்னு சொன்னப்பத்தானே நான் போனேன்?"